காது கிழிந்த டொப்பு

1

கத்தரியின் இரண்டு முனைகளும் பொம்மையின் வயிற்றைத் தொட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஒரே…

வேண்டாம். இது என் பழக்கதோஷம். முதல் வரியில் ஒரு கத்தி, ஒரு கத்தரி, குறைந்தபட்சம் கதவு தட்டும் சத்தமாவது இல்லாவிட்டால் வாசகர் பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போய்விடுவார் என்று இருபத்திரண்டு வருடமாக நம்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவள் கையில் கத்தரி கிடையாது. கொக்கி ஊசி இருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, போட்டு முடித்த பதினோராம் சுற்றை அவள் சரசரவென்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டு கண்ணி இருக்க வேண்டிய சுற்றில் நாற்பத்தொன்றுதான் இருந்தது. எங்கோ ஒன்றை விட்டிருக்கிறாள். குரோஷா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உருண்டைப் பொம்மையில் ஒரு கண்ணி குறைந்தால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேஜையில் வைத்தால் பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். அவள் சாய்கிற பொம்மையை யாருக்கும் கொடுத்ததில்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பொம்மை போய்ச் சேர வேண்டும். இன்னும் கண் வைக்க வேண்டும், காது தைக்க வேண்டும், பஞ்சு அடைக்க வேண்டும். அதனால்தான் அந்த அவசரம்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆண்டு மலருக்கு ஒரு குறுநாவல் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். என் தொடர்களுக்குப் படம் போடும் ஓவியர், தனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததாக இதைச் சொன்னார். [இந்த வாக்கியத்தில் ஒரு பொய் இருக்கிறது. நாலாம் பகுதியில் திருத்திக்கொள்கிறேன்.]

குறுநாவலாக இருந்தது ஏன் சிறுகதையாகச் சுருங்கியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

டொப்பு யார் என்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: தினமும் மாலை ஐந்து மணிக்கு டிவியில் வரும் ஆரஞ்சு நிற உருண்டை. கழுத்து கிடையாது, இடுப்பு கிடையாது. இரண்டு காது, ஒரே ஒரு பல். ஏதாவது பிரச்சினை என்றால் காதை மடக்கிக்கொண்டு உருண்டு போய்விடும். [இங்கே ஓர் அரசியல்வாதியோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதியிருந்தேன். ஆசிரியர் முகம் ஞாபகம் வந்து அடித்துவிட்டேன்.]

கடைகளில் டொப்பு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் இந்தக் குழந்தை கேட்ட டொப்பு கடையில் கிடைக்காது. ஏதோ ஒரு எபிசோடில் டொப்பு முள்வேலியில் மாட்டிக்கொண்டு காதைக் கிழித்துக்கொள்ளும். பச்சை நூலில் மூன்று தையல் போடுவார்கள். அன்று முதல் அந்தக் காது அப்படியேதான் இருக்கிறது. பொம்மைக் கம்பெனிக்காரர்கள் மட்டும் இன்னும் முழுக் காதோடு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்ததற்குக் குழந்தை, "இது டொப்பு இல்ல. டொப்பு மாதிரி வேஷம் போட்டுட்டு வந்திருக்கு" என்று சோபாவுக்குப் பின்னால் எறிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை அதற்கு நாலு வயது முடிகிறது.

இப்போது முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன். தொடர்கதை என்றால் இதை வைத்துப் பதினான்கு வாரம் ஓட்டியிருப்பேன். அந்தக் குழந்தையின் அப்பா, பொம்மை போட்டுக்கொண்டிருந்தவளின் கணவன். அம்மா வேறு ஒருத்தி. ஊரின் மறுகோடியில், லிப்ட் ஓடாத ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவர்கள் இருந்தார்கள். மனைவிக்கு இது தெரியாது. தெரிந்தால் பதினோரு வருடக் குடும்பம் அன்றோடு சரி. கதை முழுக்க ஒரே கேள்விதான்: பொம்மை வீட்டை விட்டுப் போவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடுமா?

ஆசிரியரிடம் கருவைச் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சின்ன வீடு வேணாம் சார். போன தொடர்லயும் அதான், அதுக்கு முந்தின தொடர்லயும் அதான். இவருக்கு வேற எதுவும் தெரியாதான்னு வாசகிங்க கேக்குறாங்க." சின்ன வீடு சும்மா பின்னணியில்தான் இருக்கும், பொம்மைதான் கதாநாயகன் என்று சமாளித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் வீட்டில் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் கணவன் வேண்டாம் என்றான். வீட்டில் குழந்தை அழுதால் தன் வேலை ஓடாது என்றான். அவள் ஒத்துக்கொண்டாள். [ஒத்துக்கொண்டாள் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் அவள் ஒவ்வொரு ஞாயிறும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு… இல்லை, இதை என்னால் எழுத முடியாது.] அதற்குப் பிறகுதான் குரோஷா கற்றுக்கொண்டாள். ஊரார் பிள்ளைகளுக்குப் பொம்மை போட ஆரம்பித்தாள்.

3

கணவனைக் கொண்டுவர வேண்டிய நேரம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி என்று வைத்துக்கொள்வோம். தோல்பை, கழுத்துப்பட்டி, மாதத்தில் பத்து நாள் வெளியூர். இரண்டு வீடு நடத்த இதைவிடத் தோதான உத்தியோகம் கிடையாது.

ஏன் போயும் போயும் சொந்த மனைவியிடமே பொம்மைக்குச் சொன்னான்? என்னிடம் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான் என்று தெரியும். பதில் கேவலமாக இருக்கும்: அவளைப் போல யாருக்கும் போட வராது. வேறு இரண்டு பேரிடம் போடச் சொல்லி வாங்கிப் பார்த்தான். ஒன்று சாய்ந்தது, இன்னொன்று பூசணிக்காய் மாதிரி இருந்தது. குழந்தை இரண்டையும் சோபாவுக்குப் பின்னால் அனுப்பிவிட்டது.

வாடிக்கையாளர் போல அவளுக்கு போன் செய்து ஆர்டர் கொடுத்தது ஓவியர். "யோவ், நான் படம் போடுறவன். அடுத்தவன் வீட்ல குண்டு வெக்கிறவன் இல்ல" என்று முதலில் மறுத்தார். அப்புறம் செய்தார். ஆனால் ஒரு காது கிழிந்திருக்க வேண்டும் என்று சொன்னவர் எந்தக் காது என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை. பொம்மையின் உடம்பு பாதிக்கு மேல் ஆகியிருந்தது, வாய் அகன்ற கிண்ணம் மாதிரி. எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு காதுகளையும் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள். கிழிந்த காதை வலப்பக்கம் குத்தியிருந்தாள். காபித் தம்ளரோடு அந்தப் பக்கம் போன கணவன் நிற்கக்கூட இல்லை.

"அது இடது காது."

அவள் நிமிரவில்லை. "அப்படியா" என்றாள். குண்டூசியைப் பிடுங்கிக் காதுகளை மாற்றிக் குத்தினாள். அவன் காபியைக் குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் முதல் முறையாக டொப்புவின் பாட்டு கேட்டது. இரண்டு நிமிடம். பிறகு டிவி அணைந்தது.

4

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியை வேலையிலிருந்து நீக்குகிறேன். எனக்கு ஒரு மாத்திரையின் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாது. அவனை வைத்துக்கொண்டு இதற்கு மேல் ஓட்ட முடியாது.

கணவன் எழுத்தாளர். வாராந்தரிகளில் திகில் தொடர் எழுதுகிறவர். நான்தான்.

வாரா வாரம் கையெழுத்துப் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போகிற அஞ்சலகக் கவுண்டரில் முத்திரை குத்துகிறவளைத்தான் நான்… போதும். ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது பின்னணியில்தான் இருக்கும்.

இந்தக் குறுநாவலை நான் எழுதியது எப்போது தெரியுமா? அவள் பொம்மை போட்ட அதே நாட்களில், அதே வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம். கணவனின் குழந்தைக்கு, விவரம் தெரியாமல் மனைவியே பொம்மை போடுகிறாள். இப்படி ஒரு முடிச்சு இருபத்திரண்டு வருடத்தில் எனக்குச் சிக்கியதில்லை. வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், சந்தோஷமாக இருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போய் எத்தனையாவது சுற்று என்று பார்ப்பேன். அவள் விரலில் நூல் சுற்றியிருக்கும் விதத்தைப் பார்ப்பேன். திரும்பி வந்து எழுதுவேன். அவள் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அவளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை கேட்டாள். "என்ன எழுதுறீங்க? வந்து வந்து பாத்துட்டுப் போறீங்க."

"ஒரு பொம்மைக் கதை."

"நான் வர்றேனா?"

"எல்லாரும்தான் வர்றாங்க" என்றேன்.

அந்தக் காது விஷயத்தையும் உடனுக்குடன் எழுதினேன். காபித் தம்ளர், குண்டூசி, "அப்படியா", எதையும் விடவில்லை. எப்படி எழுதினேன் என்றால், வீட்டுச் சூழலுக்கு உயிர் கொடுக்கும் ஒரு சின்ன விவரம் என்று எழுதினேன். இரண்டாம் முறையாக இப்போது எழுதும்போதுதான் நெஞ்சில் குத்துகிறது. பிள்ளை இல்லாத வீட்டில், கார்ட்டூன் பக்கமே தலை வைத்துப் படுக்காத ஓர் ஆளுக்கு, ஓர் ஆரஞ்சு உருண்டையின் எந்தக் காது கிழிந்தது என்று எப்படித் தெரியும்? என் தொடர்களில் இந்த மாதிரி ஒரு வார்த்தையை உளறித்தான் ஒன்பது கொலைகாரர்கள் மாட்டியிருக்கிறார்கள். பத்தாவது ஆளுக்குத் தான் உளறியதே தெரியவில்லை.

5

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, பஞ்சு போதாது, வெளியே போனால் ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள் என்றாள். சரி என்றேன். மறந்துபோனேன். முடிவு வந்துகொண்டிருந்தது.

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

முதலாவது: அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே ஒரு பெட்டியோடு படியிறங்குகிறாள். அவன் ஜன்னலில் நின்று பார்க்கிறான். வாசகிகள் கைதட்டுவார்கள். நான் எழுத மறுத்தேன். ஜன்னலில் நிற்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது: கடைசி வரை தெரியாது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஓர் ஆர்டர் வருகிறது. குழந்தை வளர வளரப் பொம்மையும் மாறுகிறது. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மேஜை விரிப்பு வரைக்கும் இவள்தான் போட்டுக் கொடுக்கிறாள். கச்சிதமான குற்றம். எழுதிப் பார்த்தேன். நாலு வரி தாண்டவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

மூன்றாவதைத்தான் எழுதினேன். சனிக்கிழமை பிற்பகல், ஒரே மூச்சில், பதினெட்டுத் தாள். பக்கம் இருபத்தேழிலிருந்து நாற்பத்துநாலு வரை. எழுதும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. இதுவரை நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான் என்று இப்போதும் சொல்வேன். அது என்ன முடிவு என்று இப்போது சொல்ல மாட்டேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் கையால்தான் எழுதுகிறேன். நகல் எடுப்பதில்லை. தடிமனான, மொடமொடவென்ற ஒரே ரகத் தாள். இது முக்கியம்.)

தாள்கட்டை என் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, ஐந்தரை மணி வாக்கில் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். ஒரு பெரிய வேலை முடிந்தால் முடிவெட்டிக்கொள்வது என் வழக்கம். கடையில் கூட்டம். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

ஞாயிறு காலை மேஜைமேல் டொப்பு உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு உருண்டை, கறுப்புக் கண், ஒற்றைப் பல். இடது காதில் மூன்று பச்சைத் தையல். பச்சை நூல் அவள் புதிதாக வாங்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன், அந்த ஒரு வருடத்தில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜோடிக் காலுறை போட்டு வைத்திருந்தாள். பச்சை நிறம். இவ்வளவுதான் சொல்வேன்.

பஞ்சு வாங்க மறந்துவிட்டேனே என்றேன்.

"பரவால்ல. வீட்ல இருந்ததை வெச்சு அடைச்சுட்டேன்."

விரலால் பொம்மையைத் தட்டிப் பார்த்தேன். ஆடிவிட்டு நேராக நின்றது. சாயவே இல்லை என்று பாராட்டினேன்.

"எண்ணிப் போட்டேன்" என்றாள்.

ஓவியர் நாலு மணிக்குள் வாங்கி வரச் சொன்னார், அந்தப் பக்கம்தான் போகிறேன், நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் ஒரு பழைய துணிப்பையில் போட்டு, பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

6

மூன்று மாடி. மூச்சு வாங்கியது. கதவைத் திறந்ததும் பாப்பா பையைப் பிடுங்கிக்கொண்டது. பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக் காதைச் சோதனை போட்டது, பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தையலை எண்ணியது.

"இதுதான் டொப்பு" என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த நிமிடம் நான் ஜெயித்துவிட்டேன். பொம்மை வீட்டை விட்டு வந்துவிட்டது, அவளுக்குத் தெரியாது, கதை என் முடிவுப்படியே முடியப்போகிறது. பாப்பா பொம்மையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கியது. பிறகு வயிற்றில் காதை வைத்தது.

"அப்பா, டொப்பு உள்ள பேசுது."

பாப்பாவின் அம்மா பொம்மையை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். ஓரத்தில் மெத்தென்று அமுங்கியது. நடுவில் மொடமொடவென்றது. "உள்ள பேப்பரைத் திணிச்சிருக்காங்க. கைவேலைன்னு சொல்லி இப்படித்தான் ஏமாத்துவாங்களா?" என்றாள்.

என் கைக்கு வந்தது. நானும் அமுக்கினேன். இருபத்திரண்டு வருடமாக என் விரலுக்கடியில் கேட்கிற சத்தம். வேறு எந்தத் தாளும் அப்படிச் சொல்லாது.

கேக் வெட்டினோம். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

7

வீட்டுக்கு வந்து நேராக இழுப்பறையைத் திறந்தேன். ஒன்று முதல் இருபத்தாறு வரை அடுக்கு கலையாமல் இருந்தது. இருபத்தேழு முதல் நாற்பத்துநாலு வரை இல்லை.

இருபத்தாறாம் தாளின் ஓரத்தில் பென்சிலில் அவள் கையெழுத்து. அந்தப் பக்கத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'பொம்மையை மூடித் தைத்து முடித்தபின், கடைசியாக இரண்டு கறுப்புக் கண்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.' அதற்குக் கோடு போட்டு, பக்கத்தில்:

'கண்ணை முதலிலேயே வைக்க வேண்டும். அதன் வாஷரை உள்பக்கமிருந்து மாட்ட வேண்டும். மூடின பிறகு முடியாது. இந்த இடம் தப்பு.'

அவ்வளவுதான். அவளை வெள்ளந்தி என்றும், எண்ணத் தெரிந்தவள், யோசிக்கத் தெரியாதவள் என்றும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். இருபத்தாறு தாளிலும் தப்பு என்று அவள் குறித்தது இது ஒன்றைத்தான்.

கூடத்தில் அவள் அடுத்த பொம்மைக்கு வளையம் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் சுற்று, ஆறு கண்ணி. நான் வாசலில் நின்றேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"காது சரியா இருந்துதா?"

"இருந்துது."

"தையலை எண்ணிப் பாத்தாளா?"

"பாத்தா" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஓவியர் கொடுத்த ஆர்டரில் பெண் குழந்தை என்ற விவரமே கிடையாது. அவள் தலையை ஆட்டிவிட்டு இரண்டாம் சுற்றுக்குப் போனாள்.

இதெல்லாம் நடந்து பதினோரு வாரம் ஆகிறது. அவள் பெட்டி கட்டவில்லை. சத்தம் போடவில்லை. குழாய் ஒழுகுகிறது, பால்காரர் வரவில்லை என்று சொல்கிறாள். மற்றபடி பேச்சில்லை. என் மூன்று முடிவுகளில் இது ஒன்றாக இல்லை. இதை எந்த வாரத்தில் 'முற்றும்' போட்டு நிறுத்துவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் போன் செய்துகொண்டே இருக்கிறார். ஞாபகத்திலிருந்து திரும்ப எழுத முடியாதா என்கிறார். நாலு தடவை உட்கார்ந்தேன். இருபத்தேழாம் பக்கத்தின் முதல் வரியே 'அவள் அவனைப் பார்த்து…' அதற்கு மேல் வரவில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாதவன் எழுதிய வரி அது. நகர மறுக்கிறது.

வேறு வழி இருக்கிறது. முதல் வரியை இப்போது திருத்துகிறேன். கத்தரியின் முனைகள் பொம்மையின் வயிற்றைத் தொட்டது உண்மைதான், போன புதன்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது நான். பாப்பா குளியலறையிலிருந்து ஈரக்காலோடு வந்து பார்த்துவிட்டது. அழவில்லை. பொம்மையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டது.

"இதுக்கு இனிமே தையல் வேணாம்பா. காதுல இருக்கிறதே போதும்."

ஆகவே முடிவு அந்த வயிற்றில்தான் இருக்கிறது, கீற்றுக் கீற்றாக, பஞ்சுக்கு நடுவில். பாப்பா அமுக்கும்போதெல்லாம் பேசுகிறது. நீங்கள் உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளலாம், பெட்டியோ, மேஜை விரிப்போ, எதுவானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லாமல் விட்ட மூன்றாவதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பதினெட்டுத் தாளிலும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்னை மன்னித்திருந்தாள்.